படிச்சிருக்கணும்

18 நவம்பர் 2024
இங்கிலாந்து

அண்ணி அவர்களுக்கு,

பூவிழி எழுதுகிறேன். இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்பதற்கு வேறு யாராவது இருந்திருந்தால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். போன் செய்தால் அண்ணன்தான் எடுப்பார், பக்கத்தில் அம்மா இருப்பார். அதனால் உங்கள் மின்னஞ்சலுக்கு எழுதுகிறேன். வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் மிஸஸ் பெல் என்று ஒரு அம்மா. எண்பதைத் தாண்டியவர். சனிக்கிழமை விடியற்காலையில் குளியலறையில் தனியாக விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அப்போது நான் வேலையில் இல்லை. முந்தின நாள் மாலை ஷிப்டு பார்த்துவிட்டு, இரவு ஷிப்டுக்கு வந்த கிரகாம் என்பவரிடம் பொறுப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் அன்று பகலில் நர்ஸ் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: மிஸஸ் பெல்லுக்கு நடை சரியில்லை, குளியலறையில் தனியே விடாதீர்கள் என்று. அதை நான் படித்தேனா, கிரகாமிடம் சொன்னேனா என்பதுதான் இப்போது கேள்வி.

மேனேஜர் மிஸஸ் காலின்ஸ் எழுதித் தரச் சொன்னார். உண்மையைத்தான் எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் ‘நீயே ஒப்புக்கொண்டாயே’ என்கிறார் மேனேஜர். நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை அண்ணி. கிரகாமிடம் கேட்கலாம் என்றால், அவர் சனிக்கிழமை காலை ஷிப்டு முடிந்ததுமே லீவில் ஸ்காட்லாந்து பக்கம் மீன் பிடிக்கப் போய்விட்டார். போன் எடுக்கவில்லையாம். எனக்கு இந்த வேலை போனால் விசாவும் போய்விடும்.

நான் எழுதிக் கொடுத்ததைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சின்னதுதான். அதில் இங்கிலீஷ் தப்பு இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ‘இவ இங்கிலீஷ நம்பி அங்க அனுப்புனா ஒரு உசுர எடுத்துட்டுத்தான் திரும்புவா’ என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

மிஸஸ் பெல் உயிரோடு இருக்கிறார். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பூவிழி


19 நவம்பர் 2024
கீழ்வேளூர்

பூவிழிக்கு,

பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் உன் கடிதத்தைப் பார்த்தேன். இங்கிருந்தே பதில் எழுதுகிறேன். அடுத்த வகுப்பில் பிள்ளைகளை மனசுக்குள் வாசிக்கச் சொல்லிவிட்டு, நீ எழுதிக் கொடுத்ததையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் சங்கடம். தப்பும் தவறுமாக இருந்திருந்தால், பாஷை தெரியாத பெண் என்று இன்னொரு தடவை கேட்டிருப்பார்கள்.

நீ எழுதியிருப்பது இது: ‘ஐ ஷுட் ஹாவ் ரெட் த நோட். ஐ ஷுட் ஹாவ் டோல்ட் கிரகாம்.’ எதை நினைத்து எழுதினாய் என்று எனக்குத் தெரிகிறது. ‘குறிப்பப் படிச்சிருக்கணும், கிரகாம்கிட்ட சொல்லியிருக்கணும்.’ தினமும் செய்கிற வேலைதானே, அன்றைக்கும் செய்திருப்பேன் என்று.

ஆனால் நம்முடைய ‘இருக்கணும்’ இரண்டு வேலை பார்க்கும். வாசலில் செருப்பு கிடப்பதைப் பார்த்துவிட்டு ‘தம்பி வந்திருக்கணும்’ என்போம். ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். பஸ் வந்து போய் வெகுநேரம் ஆகியும் ஆளைக் காணோம் என்றாலும் ‘இந்நேரம் தம்பி வந்திருக்கணுமே’ என்போம். ஆள் வரவில்லை என்று அர்த்தம். இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். செருப்பைப் பார்த்துச் சொல்வது ‘மஸ்ட் ஹாவ்’. ஆள் வராததற்குச் சொல்வது ‘ஷுட் ஹாவ்’. நீ இரண்டாவதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். படிக்க வேண்டியவள் படிக்கவில்லை, சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. அவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். நான் படித்தாலும் அப்படித்தான் படிப்பேன்.

அவசரப்பட்டு வேறு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. முதலில் எனக்கு ஒன்று சொல். அன்றைக்குப் படித்தது, சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? அல்லது தினமும் செய்வதால் அன்றும் செய்திருப்பேன் என்று ஊகிக்கிறாயா?

வேறு எதுவும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சொல்லவில்லை.

வானதி


20 நவம்பர் 2024
இங்கிலாந்து

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்த அறையில் நடந்தது எல்லாம் புரிகிறது.

என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மிஸஸ் காலின்ஸ் கேட்டார்: ‘ஸோ யூ டிடின்ட் ரீட் இட்?’ நான் பதறிப்போய் ‘நோ, நோ’ என்றேன். நம் ஊரில் ‘நீ படிக்கலியா?’ என்று கேட்டால் ‘இல்ல இல்ல, படிச்சேன்’ என்போமே, அந்த இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ எழுதினார். ‘கிரகாமிடமும் சொல்லவில்லையா?’ என்றார். அதற்கும் ‘நோ, நோ’ என்றேன். இன்னும் வேகமாகச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போய்விட்டது. என் தோளில் தட்டி, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன் அண்ணி!

இப்போது இதைப் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் மலையாளப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். ‘யூ டிடின்ட்?’ என்று கேட்டால் ‘நோ’ என்பது ‘ஆமாம், செய்யவில்லை’ என்று ஆகிவிடுமாம். நானே என் வாயால் இரண்டு தடவை.

தெரியுமா, ஊகமா என்று நீங்களும் கேட்கிறீர்கள். விசாரணை செய்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தலைக்குள் ஒன்றுமே இல்லை. தினமும் படிக்கிறேன், தினமும் சொல்கிறேன், எந்த நாள் எது என்று யாருக்குத் தெரியும்? ‘ஷுட்’ என்பதை ‘மஸ்ட்’ என்று மாற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள். அது போதும். அதற்காகத்தான் உங்களிடம் வந்தேன்.

பூவிழி


25 நவம்பர் 2024
இங்கிலாந்து

அண்ணி,

பதில் இல்லை. சரி. அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள். நானே ஏதாவது எழுதிக்கொள்கிறேன்.

பூவிழி


28 நவம்பர் 2024
நன்னிலம் அருகில்

பூவிழிக்கு,

நீ கோபப்பட்டது சரி. உன் முந்தின கடிதத்துக்குப் பதில் பாதி எழுதி வைத்திருந்தேன். எழுதியதை எல்லாம் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்ததில் நாள் போய்விட்டது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் இல்லை, போன் டவரும் போய்விட்டது. இப்போதுதான் வந்திருக்கிறது.

சம்பா நட்ட வயல் முழுக்கத் தண்ணீர். பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. உன் அண்ணன் வரப்பு எங்கே என்று காலால் தடவிக்கொண்டே நடக்கிறார். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஊரில் எல்லோரும் இறங்கி அதைத்தான் இழுத்துப் போடுகிறார்கள். நாலைந்து நாளில் வடிந்தால் பயிர் பிழைக்கும் என்கிறார். வடிந்துவிடும் என்று என்னிடம் சொல்கிறார். அத்தையிடம் வேறு மாதிரி சொல்கிறார். 

இப்போது உன் விஷயம். ‘மஸ்ட்’ போட்டு எழுதித் தரமாட்டேன். கோபித்துக்கொள். ‘மஸ்ட் ஹாவ்’ என்றால் ‘செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்’ என்றுதான் ஆகும். முதலில் செய்யவில்லை என்றாய், இப்போது செய்திருப்பேன் என்கிறாய், எது உண்மை என்று ஒரே கேள்வியில் உன்னை மடக்கிவிடுவார்கள். உனக்கு நினைவிருந்தால் அந்த வார்த்தையே தேவையில்லை. நினைவில்லை என்றால், நினைவில்லை என்றே எழுதலாம், அது குற்றமில்லை. ஆனால் எது என்று தெரியாமல் நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன். அடிபட்டுக் கிடப்பது ஒரு வயசான மனுஷி. கிரகாம் என்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

நீ ஒன்று செய். விசாரணையை மறந்துவிடு, இங்கிலீஷையும் மறந்துவிடு. அந்த வெள்ளிக்கிழமை நீ வேலைக்குக் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பியதுவரை தமிழில் எனக்கு எழுது. என்ன சாப்பிட்டாய், யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள், எது உதவாததாகத் தோன்றினாலும் எழுது.

வேறு எதுவும் சொல்ல வேண்டாம் என்றாய். ஒன்றைச் சொல்லாமல் முடியவில்லை. நீ போன அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். உன் அலமாரி காலி. ‘எங்க அவ, அத்தை?’ என்றேன். ‘பிளேன் ஏறப் போயிட்டா’ என்றார் அத்தை. உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று பேரும் எனக்குத் தெரியாமல் பெட்டி கட்டியிருக்கிறீர்கள். பந்தியில் நான் பேசியது வாய்க்கொழுப்புதான். ஆனால் உன்னைப் பற்றிப் பயந்ததால் வந்த பேச்சு அது. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. இந்த ஒரு வருஷமாக அத்தை நான் கொடுக்கும் காபியை வாங்கிக்கொள்கிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எழுது. காத்திருக்கிறேன்.

வானதி


29 நவம்பர் 2024
இங்கிலாந்து

அண்ணி,

முதலில் வயல் என்ன ஆயிற்று? அம்மா போனில் ‘லேசா மழை’ என்று மட்டும்தான் சொன்னார்.

நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன். எழுத ஆரம்பிக்கும்போது உங்கள் மேல் எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் மிச்சமிருந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். காற்றில் குடை மேல்பக்கமாக விரிந்துகொண்டது. நனைந்துபோய் உள்ளே நுழைந்தேன். வெள்ளிக்கிழமை என்றால் அங்கே மீன் பொரிப்பார்கள். சமையலறை முழுக்கப் புகை. குறிப்புப் புத்தகம் அங்கேதான் மாட்டியிருக்கும். எனக்கு அந்த நெடி ஆகாது என்பதால் புத்தகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தேன். அண்ணி, இதை எழுதும்போதுதான் வருகிறது. ஜன்னலோரம் நின்றுதான் படித்தேன். மிஸஸ் பெல் பெயருக்கு நேராக ‘எ பிட் வாப்ளி’ என்று எழுதியிருந்தது. வாப்ளி எனக்குத் தெரியாத வார்த்தை. போனில் தேடினேன். படமாக வந்தது. அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டி ஒன்று நாலு காலையும் நாலு பக்கம் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறது. தள்ளாட்டம்! பார்த்துச் சிரித்தேன். சமையல்காரம்மா ‘என்ன?’ என்று கேட்டார். ‘வாப்ளி’ என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

சாயங்காலம் மிஸஸ் பெல்லை நான்தான் கையைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப் போனேன். வெளியே நகரவில்லை. அப்புறம் கிரகாம் வந்தார். துண்டுகள் அடுக்கும் அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். புது வார்த்தை கையில் இருக்கிறதே, எனக்கு அதைச் சொல்லிப் பார்க்க ஆசை. ‘மிஸஸ் பெல் இஸ் வாப்ளி டுடே. டோன்ட் லீவ் ஹெர் இன் த பாத்ரூம்’ என்றேன். கையில் இருந்த துண்டை வைத்துவிட்டு ‘ரைட் யூ ஆர், லவ்’ என்றார்.

நீ சொன்னது சரியான இங்கிலீஷ் என்று அவர் பாராட்டுகிறார் என்றல்லவா நினைத்தேன்! பஸ்ஸில் வீடு வரும்வரை அதே சந்தோஷம். ‘ரைட் யூ ஆர்’, ‘ரைட் யூ ஆர்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்புறம் ஒரு நாள் கடையில் பிரெட் கேட்டபோது கடைக்காரரும் அதையே சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, அது நம்ம ஊர் ‘சரிம்மா’ மாதிரிதான் என்று. அசடு வழிந்தது.

படித்தேன் அண்ணி. சொன்னேன். ஊகம் இல்லை. அந்த மீன் நெடிகூட மூக்கில் இருக்கிறது. இத்தனை நாளும் இங்கிலீஷில் கேட்ட கேள்விக்கு இங்கிலீஷிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், அதனால்தான் கிடைக்கவில்லை போல.

எழுதிவிட்டு அழுதேன். பக்கத்து அறைப் பெண் ஓடிவந்துவிட்டாள்.

பெட்டி கட்டிய விஷயம். உங்களிடம் சொல்லாமல் போனது என் முடிவுதான். அம்மாவும் அண்ணனும் சொல்லிவிட்டுப் போ என்றுதான் சொன்னார்கள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூவிழி


30 நவம்பர் 2024
நன்னிலம் அருகில்

பூவிழி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாளாக நெஞ்சில் ஒரு கல் இருந்தது என்று, அது இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

‘ரைட் யூ ஆர்’ எனக்குத் தெரியாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் உன்னைப் போலப் பாராட்டு என்றுதான் நினைத்திருப்பேன்.

இப்போது எழுத வேண்டியது மிகவும் எளிது. எனக்கு வேலையே இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் சொல்வதுதான்: நடந்து முடிந்தது, உனக்குத் தெரியும், அப்படியென்றால் வெறும் இறந்தகாலம் போதும். ‘ஐ ரெட் த நோட்.’ ‘ஐ டோல்ட் கிரகாம்.’ முன்னால் துணைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம். ஜன்னலோரம், வாப்ளி, சமையல்காரம்மா, துண்டு அலமாரி, அவர் சொன்ன பதில், எல்லாவற்றையும் அப்படியே எழுது. நீயே எழுது. அழகுபடுத்தாதே. எழுதியதை எனக்கு அனுப்பு, நான் பார்க்கிறேன். ஆனால் வார்த்தைகள் உன்னுடையதாக இருக்கட்டும். எதிரே உட்கார்ந்து அவர்கள் கேட்கும்போது பேசப் போவது நீதான்.

முதலில் எழுதிக் கொடுத்ததை மறைக்காதே. தமிழில் ஒரே வார்த்தை இரண்டு அர்த்தம் தரும், அதனால் தப்பான சொல்லைப் போட்டுவிட்டேன் என்று நேராகச் சொல். செருப்புக் கதையைச் சொல்.

இன்னொன்று. ‘டிடின்ட் யூ’, ‘யூ டிடின்ட்’ என்று எப்படிக் கேட்டாலும் ‘யெஸ்’ என்றும் ஆரம்பிக்காதே, ‘நோ’ என்றும் ஆரம்பிக்காதே. ‘ஐ டிட்’ என்று ஆரம்பி. அவசரப்படாதே. மூச்சை விட்டுவிட்டுச் சொல். சமையல்காரம்மாவைக் கேட்கச் சொல். கிரகாம் வந்ததும் அவரையும் கேட்கச் சொல்.

வடிகால் திறந்துகொண்டது. தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கிறது. காலையில் பயிரின் நுனி தெரிந்தது. உன் அண்ணன் உள்ளே வந்து ‘தெரியுது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் வெளியே போய்விட்டார்.

அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் போனும் கையுமாக இருப்பதை அவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார். நேற்று ‘யாருக்கு எழுதுற?’ என்றார். ‘பள்ளிக்கூட வேலை அத்தை’ என்றேன். நம்பவில்லை.

வானதி


5 டிசம்பர் 2024
இங்கிலாந்து

அண்ணி,

முடிந்தது! நாளை மறுநாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மிஸஸ் காலின்ஸும் மேலிடத்திலிருந்து வந்த ஒரு மனிதரும் இருந்தார்கள். என் புதுக் காகிதத்தையும் பழைய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மேலிடத்து மனிதர் நான் பயந்த கேள்வியையே கேட்டார்: ‘ஸோ யூ டிடின்ட் ரீட் இட் தட் ஈவினிங்?’

எனக்கு வாய் வரைக்கும் ‘நோ’ வந்துவிட்டது அண்ணி. விழுங்கிவிட்டேன். மூச்சை விட்டேன். ‘ஐ டிட். ஐ ரெட் இட் பை த விண்டோ’ என்றேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்படியானால் முதலில் ஏன் இப்படி எழுதினாய் என்று மிஸஸ் காலின்ஸ் கேட்டார். செருப்புக் கதையைச் சொன்னேன். ஒரு தடவை கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு அவரே, ‘செருப்பு இருந்தால் வந்திருக்கணும், செருப்பு இல்லாவிட்டாலும் வந்திருக்கணுமா?’ என்றார். ஆமாம் என்றேன். ‘நான் கேட்டதற்கு நோ, நோ என்றாயே?’ என்றார். அதையும் விளக்கினேன். என் பழைய காகிதத்தை இன்னொரு தடவை படித்தார். ‘நான் இன்னொரு மாதிரி கேட்டிருக்க வேண்டும்’ என்றார். அவர் சொன்னது ‘ஐ ஷுட் ஹாவ் ஆஸ்க்ட்’. கேட்கவில்லை என்ற அர்த்தம். சட்டென்று புரிந்தது.

சமையல்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். ‘வாப்ளிதானே? நன்றாக ஞாபகம் இருக்கிறது, கன்றுக்குட்டியைக் காட்டினாளே’ என்றார். பிறகு கிரகாமுக்குப் போன் போட்டார்கள். முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருக்கிறார். ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார்கள். ‘சொன்னாளே, துண்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்’ என்றார்.

கிரகாமும் தனியாக விடவில்லையாம். கூடவேதான் நின்றிருக்கிறார். பக்கத்து அறையில் ஒரு தாத்தாவுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்ள, மணி அடித்திருக்கிறார். ‘உட்கார்ந்தே இருங்கள், வந்துவிடுகிறேன்’ என்று மிஸஸ் பெல்லிடம் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார். தாத்தாவைக் காப்பாற்றிவிட்டார். அதற்குள் இந்த அம்மா எழுந்துவிட்டார். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை இரவில் ஒருவர் பார்த்ததுதான் தப்பு என்று மேலிடத்து மனிதரே ஒப்புக்கொண்டார். இனிமேல் இரவுக்கு இரண்டு பேர்.

வெளியே வரும்போது மிஸஸ் காலின்ஸ் ‘யூ ஆர் ஆஃப் த ஹுக்’ என்றார். புரியாமல் முழித்தேன். தூண்டில் முள்ளிலிருந்து கழற்றிவிட்ட மீன் மாதிரி, இனி உன் மேல் ஒன்றும் இல்லை என்று விளக்கினார். நான் மீன் மாதிரிதான் இருந்தேன், தண்ணீரில் போட்ட பிறகும் நம்பாமல்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிஸஸ் பெல்லுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறார். என்னைப் பார்த்ததும் ‘ஐ குட் மர்டர் எ கப் ஆஃப் டீ’ என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வார்த்தையைக் கேட்டு, கொலை என்கிறாரே என்று மேனேஜரைக் கூப்பிட ஓடியிருக்கிறேன். டீ குடித்தே ஆக வேண்டும் போல இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். வாங்கிக் கொடுத்தேன். ‘நீ எங்கே போயிருந்தாய், ஆளையே காணோமே’ என்றார். லீவு என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி, பந்தியில் நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்த அறையில் மூச்சை விட்டுவிட்டுப் பேசியபோது, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இருந்தது. இரண்டுமே உண்மை. இரண்டையும் எழுதிவிட்டேன்.

இனி வீட்டில் சொல்லலாம். பயிர் எப்படி இருக்கிறது?

பூவிழி


7 டிசம்பர் 2024
நன்னிலம் அருகில்

பூவிழிக்கு,

உன் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்தேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த உன் அண்ணன் ‘ஆஃப் த ஹுக்’ வந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார். ‘எங்கிட்ட ஏன் சொல்லல?’ என்று என்னைக் கேட்டார். ‘அவ சொல்லக் கூடாதுன்னா’ என்றேன். ‘நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே எனக்குத் தெரியாதே’ என்றார். அவருக்கு எது பெரிய செய்தி என்று எனக்குப் புரியவில்லை.

அத்தை கேட்ட முதல் கேள்வி, ‘அந்தம்மாவுக்கு இடுப்பு கூடிடுச்சா?’ நடக்கிறார் என்றேன். ‘நடக்கட்டும், நடக்கட்டும்’ என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, ‘ஏம்மா, பத்து நாளா நீ சரியாவே சாப்புடல, நான் பயிருக்காகன்னுல்ல நெனச்சேன்’ என்றார். அவரே காபி போட்டுக் கொண்டுவந்து என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். சர்க்கரை கூடுதல். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பயிர் பிழைத்துவிட்டது. பள்ளமான மூலையில் மட்டும் கொஞ்சம் அழுகிவிட்டது. மீதி எல்லாம் வெளுத்துப்போய் நிற்கிறது. ஒரு வெயில் காய்ந்து உரம் போட்டால் பச்சை திரும்பிவிடும் என்கிறார் உன் அண்ணன்.

வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வலிக்கட்டும். அதை நான் வாங்கிக்கொள்கிறேன். எழுதியே இதைச் சரிசெய்துவிடலாம் என்று இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்தேன். எழுதினால் வகுப்பு எடுக்கிற மாதிரியே வருகிறது. இன்று பள்ளிக்கூடம் அரை நாள்தான். வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அண்ணனின் போன் என் மடியில் இருக்கிறது. உனக்கும் இந்நேரம் விடிந்திருக்கும். அவரும் அத்தையும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு ‘போடு, போடு’ என்கிறார்கள். முதலில் நான்தான் பேசுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை அனுப்பிவிட்டு உன்னை அழைக்கிறேன். எடு.

வானதி